நட்புச் சிலைக்கு ஒரு சொம்பு பால்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற வழியில் இருக்கிறது வெள்ளோடை. ஓடையில் தண்ணீர் கிடையாது, வெள்ளை மட்டும் உண்டு. முருங்கை இலையில், காயப்போட்ட துணியில், ஸ்கூல் பிள்ளைகளின் தலையில் என்று எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புத் தூசி. டிப்பர் லாரி வருகிற சத்தம் கேட்டால் இட்லிக் கடைக்காரர் தட்டை மூடுவார், லாரி போனதும் திறப்பார். அந்தத் தூசியைக் காலையில் கூட்டி அள்ளி, சாயங்காலம் மறுபடியும் கூட்டி அள்ளுகிற வேலை வேம்புவுக்கு. பேரூராட்சியில் தினக்கூலி. கூட்டக் கூட்டத் தீராத வேலையை அவளுக்குக் கொடுத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

நாற்பத்தெட்டு வயதுக்காரி. நெற்றியில் நாலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிறு. ஆடிப்பெருக்குக்கு மற்றப் பெண்களோடு கொள்ளிடத்துக்குப் போய்ப் புதுக்கயிறு மாற்றிக்கொண்டு வருவாள். பக்கத்தில் நிற்கிற பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்கள். "புருசன் எங்க இருக்காரு?" என்று வெளியூர்க்காரர் யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், வேம்பு கையை நீட்டி வடக்கே காட்டுவாள். அந்தப் பக்கம் வீடு வாசல் ஒன்றும் இல்லை. முள்வேலி போட்ட பழைய குவாரிக் குழி ஒன்றுதான், பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும்.

வேம்பு பிறந்தது ஜெயங்கொண்டம் பக்கம். அப்பன் ஆத்தா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். விவரம் தெரிகிற வயசிலேயே இவளும் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கொட்டையின் பால் பட்டுக் கறுத்துப்போன விரல் நுனிகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பெண் பார்க்க வந்த செல்லப்பன் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "மருதாணி செவக்கத்தான் பாத்துருக்கேன், கறுத்து இப்பத்தான் பாக்கறேன்" என்றானாம். அதற்கு இவள் சிரித்துவிட்டாளாம். அவ்வளவுதான், கல்யாணம் முடிவாகிவிட்டது.

செல்லப்பன் குவாரியில் துளை போடுகிறவன், கல் ஏற்றுகிறவன். ஒருநாள் லாரியிலிருந்து சரிந்த கல் தொடையில் விழுந்து எலும்பு முறிந்தது. திருச்சி பெரியாஸ்பத்திரியில் இரும்புத் தகடு வைத்து, திருகாணி போட்டு முடுக்கி அனுப்பினார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டியபோது வேம்பு பார்த்தாள்: மற்ற திருகாணிகள் எல்லாம் நேராக நின்றன, அடியில் இருந்தது மட்டும் கோணல். "ஏன் சார் ஒண்ணு மட்டும் கோணலா இருக்கு?" என்று கேட்டதற்கு டாக்டர், "உன் புருசன் எலும்பு அப்படிம்மா" என்றார். வருசம் கழித்து வந்தால் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். செல்லப்பன் போகவே இல்லை. மார்கழிப் பனியில் தொடை குடையும்போதெல்லாம் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பது வேம்புவின் வேலை. "நான் செத்தா சுடுகாட்டுக்குக் கொண்டுபோவாத. பழைய இரும்புக் கடையில போடு, எடைக்கு எடுத்துக்குவான்" என்பான். வாயைக் கழுவு என்று இவள் அவன் முதுகில் ஒன்று வைப்பாள்.

அந்த வாய்தான் பலித்தது என்று பின்னால் நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள்.

ஓர் ஐப்பசி அடைமழை. குவாரி மொதலாளி இளையபெருமாளின் குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பம்பை இன்னும் கீழே இறக்கு என்று மேலேயிருந்து சத்தம் போட்டார்கள். மற்றவர்கள் தயங்க, செல்லப்பன் காலை இழுத்து இழுத்து இறங்கினான். மேற்குப் பக்கத்துக் கரை அப்படியே பெயர்ந்து விழுந்தது. அதற்கப்புறம் குழியில் மண்ணும் தண்ணீரும்தான்.

வேம்பு தலைவிரி கோலமாக ஓடி வந்தபோது, இளையபெருமாள் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "குழிக்குள்ள யாருமே இல்லியே. செல்லப்பன் நேத்தே கணக்கு முடிச்சுக்கிட்டுப் போயிட்டானே. வூட்டுக்கு வரலியா?" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர் ஒரு முழு மனுசனையே மறைத்தார். சட்டம் விட்ட ஆழத்துக்குமேல் அந்தக் குழி வெட்டப்பட்டிருந்தது. ஆள் செத்தது வெளியே தெரிந்தால் அதுவும் வெளியே வரும். குழிக்குள் அவன் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் பொக்லைன் ஓட்டுகிற கருப்பண்ணன். அவனுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், மொதலாளி கொடுத்த வேலை ஒன்று. வாயை மூடிக்கொண்டான். அந்தக் குழியில் வேலையை நிறுத்தி, சுற்றி வேலி போட்டார்கள். கொஞ்ச நாளில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது: செல்லப்பன் திருப்பூரில் ஒருத்தியோடு இருக்கிறானாம். யார் பார்த்தது? யாரோ பார்த்தார்களாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மகள் வெற்றிச்செல்வி நர்சுக்குப் படித்து, பெரம்பலூரில் வேலைக்குப் போகிறாள். நல்ல இடம் ஒன்று வந்தது. பூ வைக்கிற அளவுக்குப் போய், மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "அப்பா இல்லாத பொண்ணுன்னா ஒண்ணும் இல்லீங்க. அப்பா ஓடிப்போன பொண்ணுன்னா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க பாருங்க." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கு வெற்றிச்செல்வி தாயைப் பிடித்து உலுக்கினாள். "அப்பா செத்துட்டாருன்னு உனக்குத் தெரியுதுல்ல? அப்பறம் எதுக்கும்மா இந்தத் தாலி? கழட்டித் தொலை. செத்துட்டாருன்னாவது சொல்லிக்கலாம்."

"எப்படிடி கழட்டுவேன்? பொணத்தப் பாக்கல, ஒரு புடி மண்ணு போடல, கருமாதி பண்ணல. இப்பக் கழட்டுனா, ஓடுனவன தலைமுழுவிட்டாள்னுதான் சொல்லுவாங்க. உங்கப்பன் அந்தக் குழியிலதான் செத்தாருன்னு இந்த ஊரு ஒத்துக்கணும். அன்னிக்குக் கழட்டறேன்."

வேம்புவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

இப்படியிருக்க, வெள்ளோடைக்குச் சீர் வந்தது.

சீர் என்று சொன்னது டீக்கடைக்காரர்கள். ஐரோப்பாவில் மலையடிவாரத்து ஊர் ஒன்று, அதன் பேர் நம் வாயில் நுழையாது. அங்கேயும் சுண்ணாம்புக்கல்தான் சோறு போடுகிறதாம். அந்த ஊர் ஆராய்ச்சிக்காரர் ஒருவர், நம் பக்கத்துப் பாறையில் இருக்கிற பழங்காலத்துக் கடல் சங்கையும் எலும்பையும் பார்க்க வருசா வருசம் வந்து போனவர், இரண்டு ஊருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். சகோதரி நகரங்கள் என்று பேர். "அப்ப அக்கா யாரு, தங்கச்சி யாரு?" என்று கடைவீதியில் சிரிப்பு. அக்கா ஊர் முதலில் சீர் அனுப்பியது: ஒரு வெண்கலச் சிலை. கல்லுடைக்கிற மனுசன் ஒருவன், சம்மட்டியை மடியில் போட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அதே அச்சில் வார்த்த இன்னொரு சிலை அவர்கள் ஊரிலும் உண்டு. அதன் பீடத்தில், அவர்கள் குவாரிகளில் செத்தவர்களின் பேர்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது இரண்டே விஷயம். பீடம் உங்கள் மண்ணின் கல்லாக இருக்கட்டும். அதில் உங்கள் ஊரில் செத்தவர்களின் பேர்களை வெட்டுங்கள்.

விழாக் குழுவுக்குத் தலைவர் இளையபெருமாள். வேறு யார் இருப்பார்கள்? பேரூராட்சி ஆபீசில் கூட்டம் நடந்தபோது வேம்பு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஊரு குவாரியில இன்னிக்கி வரைக்கும் ஒரு உசுரு போனதில்ல. அப்பறம் பேருக்கு எங்க போறது?" என்றார் இளையபெருமாள். எல்லோரும் டீ கிளாசுக்குள்ளேயே பார்த்தார்கள். "பேருன்னு ஒண்ணு போட்டுத்தான் ஆவணும்னா, உபயதாரர் பேரப் போட்டுடுவோம்."

அப்பாடா என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. நம் ஆட்கள் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட, வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதன்மேல் 'உபயம்' எழுதுகிறவர்கள் அல்லவா! செத்தவர் பேர் கேட்ட இடத்தில் கொடுத்தவர் பேரை வெட்டலாம் என்பது எவ்வளவு சுலபமாக எல்லோருக்கும் சரியென்று பட்டது.

வேம்பு டீத்தட்டைக் கீழே வைத்தாள். "ஐயா, ஒரு பேரு இருக்குங்க."

இளையபெருமாள் அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரித்தார். "உசுரோட இருக்கறவன் பேரக் கல்லுல வெட்டுனா ஆயுசு கொறஞ்சுபூடும் வேம்பு. நாளைக்குத் திரும்பி வந்தான்னா என்னத்தான் ஏசுவான்."

குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். வேம்பு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, குழாயடியில் கிளாஸ்களைக் கழுவினாள். கழுவின கிளாசையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பீடத்துக்கு நல்ல கல் எங்கே கிடைக்கும்? சங்கு சங்காக, சிப்பி சிப்பியாகப் படிந்த அழகான பாறை இளையபெருமாளின் பழைய குழியில்தான் இருக்கிறது என்றார்கள். அவரே முன்வந்து, கல் என் உபயம் என்றார். தான் சொன்ன பொய்யைத் தானே நம்புகிற அளவுக்கு வருசம் ஓடியிருந்தது. பயந்திருந்தால் அந்தக் குழியை ஏழு தலைமுறைக்குத் திறந்திருக்க மாட்டார். கல்லில் பேர் வரப்போகிற சந்தோசத்தில் மனுசனுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

தண்ணீர் இறைத்தார்கள். வேலை முடிந்ததும் வேம்பு தினமும் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாட்ச்மேன் விரட்டுவான். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் போய் நிற்பாள். பச்சைத் தண்ணீர் குறையக் குறைய அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லை வெட்டி எடுத்த பிறகு, சரிந்து கிடந்த மண்ணையும் சல்லியையும் அள்ளி லாரியில் ஏற்றினார்கள். பீடத்துக்கு அடியில் கொட்டி நிரப்ப வேண்டுமாம். வெளியிலிருந்து மண் வாங்குகிற செலவு மிச்சம் பார்த்தார் இளையபெருமாள்.

சிலை நிற்கப்போகிற கடைவீதி ரவுண்டானாவில் பள்ளம் தோண்டியிருந்தது. சல்லி வந்து விழ விழ, சிதறினதைக் கூட்டித் தள்ளுவது வேம்புவின் பொறுப்பு. உச்சி வெயிலில் ஒரு லோடு வந்து நின்றது. டிப்பர் சரிந்ததும் சல்லியின் மேலாப்பில் நீளமாக ஒன்று உருண்டு வந்து, அவள் சீமாறுக்கு முன்னால் நின்றது.

எலும்பு. சுண்ணாம்பு அப்பி வெளுத்த எலும்பு.

பேரூராட்சி மேஸ்திரி மகேஷ் எட்டிப் பார்த்தான். "ஏம்மா வேம்பு, அத அப்பிடி ஓரமா வையி. கடல் மிருகம்மா. ஒரு காலத்துல இதெல்லாம் கடலாச்சே. அந்த ஊருக்கு எதிர்ச்சீரா எதாச்சும் குடுக்கணும்னு தேடிக்கிட்டிருந்தாங்க, இதையே கண்ணாடிப் பெட்டியில வச்சுக் குடுத்துடலாம்."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பக்கத்தில் கிணறு தோண்டினாலும் எலும்பு, கக்கூசுக்குக் குழி தோண்டினாலும் சிப்பி. எலும்பைப் பார்த்தால் பழங்காலத்து மிருகம் என்பது எங்கள் ஊர்ப் பச்சைப்பிள்ளைக்கும் வாயில் வருகிற வார்த்தை. வேறு எந்த ஊரிலும் ஒரு மனுச எலும்பைப் பார்த்து இவ்வளவு நிம்மதியாக இருந்திருக்க மாட்டார்கள்.

வேம்பு குனிந்து எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். சுண்ணாம்புப் பொருக்கு உதிர்ந்தது. உள்ளே தகடு. தகட்டில் வரிசையாகத் திருகாணி. அடியில் இருந்தது கோணல்.

"கடல் மிருகமா தம்பி?" என்றாள் வேம்பு. குரல் உயரவே இல்லை. "அந்தக் காலத்து மிருகத்துக்கு ஸ்க்ரூ அடிச்சது யாரு?"

லாரி பின்னாலேயே வந்து நின்ற கருப்பண்ணன் தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பக்கெட்டுல வந்தப்பவே பாத்துட்டேங்க்கா. மொதலாளி, மிருக எலும்புடா, அள்ளிக் கொட்டுன்னாரு. நாந்தான் இந்தக் காலை மட்டும் எடுத்து மேலாப்புல வச்சேன், உங்க கண்ணுல படட்டும்னு."

"மத்ததெல்லாம் எங்கடா?"

அவன் பள்ளத்தைக் காட்டினான். "முன்னாடி வந்த லோடுலயே அடிக்குப் போயிடுச்சுக்கா. மேல காங்கிரீட்டும் ஊத்தியாச்சு."

வேம்பு பள்ளத்துக்குள் இறங்கி, எலும்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. கடைவீதியே கூடிவிட்டது. சிறிது நேரத்தில் இளையபெருமாளின் கார் வந்தது. வெள்ளை வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவரும் பள்ளத்தில் இறங்கினார். அந்த மனுசர் ஜென்மத்தில் முதல்முறையாக வேம்புவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வேம்பு, நடந்தது நடந்துபோச்சு. இத எடுத்துக்கிட்டுப் போ. கொள்ளிடக் கரையில ஜாம் ஜாம்னு காரியம் பண்ணு, எல்லாம் என் பொறுப்பு. பொண்ணு கல்யாணத்தையும் நான் பாத்துக்கறேன். எங்க கெடைச்சுதுன்னு மட்டும் யாரும் கேக்க வேணாம், நீயும் சொல்ல வேணாம். அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரங்க வராங்க. ஊரு மானம்."

"அவரு பேரு அந்தக் கல்லுல வரணுங்க."

"அது எப்படி வரும்? பேரு வந்தா, எங்க செத்தான்னு கேப்பாங்கல்ல?"

"அதுக்குத்தாங்க கேக்கறேன்."

இளையபெருமாள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். போன் பண்ணினார். பொழுது சாய்வதற்குள் போலீஸ் வந்தது. டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எலும்பைக் கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. இரண்டு பெண் போலீஸ் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மடியிலிருந்து எடுத்து ஒரு சிமெண்ட் சாக்கில் போட்டுக் கட்டினார். சிமெண்ட் சாக்கு! வேறு சாக்கே கிடைக்கவில்லையா அந்தப் பாவிகளுக்கு? பீடத்துக்கு அடியில் தோண்டிப் பாருங்கள் என்று வேம்பு கெஞ்சியதற்கு, விழா முடியட்டும் என்றார்கள். சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது, கூட்டம் மெதுவாகக் கலைந்தது. கருப்பண்ணனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டான். எலும்பு சென்னைக்குப் போயிருக்கிறது என்றார்கள். இன்றுவரைக்கும் பதில் வரவில்லை.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. வெற்றிச்செல்வி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "அந்தாளு குடுத்தப்பவே வாங்கிக்கிட்டு வந்துருக்கலாமேம்மா! அப்பாவக் கையில வச்சிருந்தியே! பேரு பேருன்னு கடைசியில கையிலிருந்த எலும்பும் போச்சே!"

மகள் சொன்னது சரிதானோ என்று வேம்புவுக்கே தோன்றியது. பேரும் இல்லை, எலும்பும் இல்லை. அன்றைக்குத் தான் ஒரு பெரிய முட்டாள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவளுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பது தெரியும். குழியில் இல்லை, திருப்பூரில் இல்லை. ரவுண்டானாவில் இருக்கிறான்.

விழா நாள். பந்தல், பிளெக்ஸ், மேளம். பீடம் பளபளவென்று நின்றது. சிப்பியும் சங்கும் தெரிகிற அந்தக் கல்லில் பெரிய எழுத்தில் 'உபயம்: இளையபெருமாள்', கீழே குழுவில் இருந்த அத்தனை பேரின் பேரும். மேலே வெண்கல மனுசன் குனிந்து உட்கார்ந்திருந்தான். அக்கா ஊரிலிருந்து வந்தவர்களில் நரைத்த தலையோடு உயரமான ஓர் அம்மாள், அந்த ஊர் மேயராம், கழுத்து நிறைய மாலையோடு வெயிலில் சிவந்துபோய் நின்றார். பக்கத்தில் மொழிபெயர்க்கத் திருச்சிக் காலேஜில் படிக்கிற ஒரு பெண். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கருப்பண்ணன் நின்றான். மொட்டை போட்டிருந்தான். சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டுதல் என்றான். கேட்டவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்போதுதான் வேம்பு வந்தாள். தலை முழுகி, மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்துக்கொண்டு. கை நிறையக் கண்ணாடி வளையல். கையில் ஒரு சொம்பு பால். கூட அவள் நாத்தனார், செல்லப்பனின் அக்கா, அவளும் புருசனை இழந்தவள். பின்னால் அவள் தெருப் பெண்கள். போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். மகேஷ் ஓடி வந்தான்.

"பால் ஊத்த வராங்க சார், விடுங்க. வெளிநாட்டுக்காரங்க போட்டோ புடிப்பாங்க."

சிலைக்கும் கட்அவுட்டுக்கும் பால் ஊற்றிப் பழகிய நாடு. சொம்பைப் பார்த்ததும் அவனுக்கு அதுதான் தோன்றியது. போலீஸ்காரரும் கையை எடுத்துவிட்டார். அந்தச் சோடனையும் அந்தப் பாலும் எந்தச் சடங்குக்கு என்று பெண்களுக்குத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இளையபெருமாளின் மனைவி படக்கென்று எழுந்து, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலை விட்டு வெளியே போனாள்.

வேம்பு பீடத்துக்கு எதிரே கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். நாத்தனார் அவள் நெற்றியைக் கையால் அழுத்தித் துடைத்தாள். பூவைப் பிய்த்தாள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, 'உபயம்' என்று வெட்டியிருந்த கல்லில் ஓங்கி அடித்தாள். வளையல் நொறுங்கி விழுந்தது. பிறகு கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, தாலியைப் பால் சொம்பில் போட்டாள்.

"என் ராசா!" என்று வேம்பு ஒரு கத்துக் கத்தினாள். இத்தனை வருசம் அடக்கி வைத்த கத்தல். "உன்ன அள்ளி லாரியில கொட்டுனாங்களே! உன் மேல கல்ல வச்சு, கல்லு மேல பேர வெட்டுனாங்களே! உன் பேரு இல்லியே ராசா, உன் பேரு இல்லியே! செல்லப்பா!"

பெண்கள் மாரடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். இளையபெருமாள் மேடையில் கட்டை போல நின்றார். நரைத்த தலை அம்மாள் கண் கலங்கி, அது என்னவென்று அந்தக் காலேஜ் பெண்ணிடம் கேட்டார். அவள் இளையபெருமாளைப் பார்த்தாள்.

"எங்க ஊரு மரியாதைன்னு சொல்லும்மா" என்றார் அவர்.

அவள் எச்சிலை விழுங்கிவிட்டு அப்படியே சொன்னாள். வந்தவர்கள் கை தட்டினார்கள். அவர்கள் தட்டுவதைப் பார்த்து, வரிசையில் நிறுத்தியிருந்த ஸ்கூல் பிள்ளைகளும் தட்டின. தாலி அறுக்கிற இடத்தில் கைதட்டல் கேட்ட ஊர், உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த அம்மாள் மட்டும் தட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். மேடையை விட்டு இறங்கி வந்து, உடைந்த வளையல்மேல் மண்டியிட்டு, ரத்தம் வடிந்த வேம்புவின் கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அத்தனை கூட்டத்தில் அந்தக் கையைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

வேம்பு எழுந்து, பாலைப் பீடத்தின் அடியில் ஊற்றினாள். கல்லுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் அது இறங்கிப் போனது.

ஊர் அதற்கப்புறம் ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. வாயால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும். தாலி அறுத்த இடத்தைத் தாண்டி நல்ல காரியம் போகுமா? பெண் அழைப்பு, மாப்பிள்ளை ஊர்வலம், சீர்வரிசைத் தட்டு எல்லாம் கடைவீதியைச் சுற்றி ஏரிக்கரை வழியாகப் போக ஆரம்பித்தன. அரசாங்கம் அந்த இடத்துக்கு 'நட்புச் சதுக்கம்' என்று போர்டு வைத்திருக்கிறது. யார் சொல்கிறார்கள்? பஸ் கண்டக்டர், "செல்லப்பன் கல்லெல்லாம் எறங்குங்க, செல்லப்பன் கல்லு!" என்று விசில் ஊதுகிறார். முதல்முறை அது காதில் விழுந்த அன்று வேம்பு சீமாறைப் போட்டுவிட்டு, நடு ரோட்டில் நின்று வாய்விட்டு அழுதாள். டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

தை மாதத்தில் இளையபெருமாள் வீட்டுக் கல்யாணம். மண்டபம் ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். வாணவேடிக்கை, குதிரை, பேண்டு செட் எல்லாம் கடைவீதியில் வந்தன. பொட்டில்லாத நெற்றியும் வெறும் கழுத்துமாக வேம்பு பீடத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தாள். பொக்லைன் வேலையை விட்டு நின்றுவிட்ட கருப்பண்ணன், அங்கே ஓரமாகத் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தான். ரவுண்டானா தெரிகிற தூரம் வந்ததும், முன்னால் நடந்த இளையபெருமாள் கையைத் தூக்கினார். பேண்டு நின்றது. தன் பேர் வெட்டிய கல்லை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு, மகள் உட்கார்ந்திருந்த காரை ஏரிக்கரைப் பக்கம் திருப்பச் சொன்னார். மேடும் பள்ளமுமான அந்த மண்ரோட்டில் ஊர்வலம் தட்டுத் தடுமாறிப் போயிற்று.

வேம்பு சீமாறை ஊன்றிக்கொண்டு, கடைசி விளக்கு மறைகிறவரைக்கும் பார்த்தாள்.

"ஏண்டா கருப்பண்ணா," என்றாள். "ஓடிப்போனவனுக்கு எவனாச்சும் இப்பிடிப் பயப்படுவானாடா?"

அவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தராசை எடுத்து உள்ளே வைத்தான்.